பத்து, கோணம் முப்பது

மாணவி நர்மதாவின் கால்குலேட்டர் திரை உச்சியில், எண்களுக்கு மேலே, எறும்பு அளவில் ஆர் என்றொரு ஆங்கில எழுத்து, அது டி என்று இருந்திருக்க வேண்டும், மூன்றாம் வரிசையில் நடந்துகொண்டே குனிந்து பார்த்துவிட்டேன், பார்த்திருக்கக் கூடாது, தேர்வு மேற்பார்வையாளருக்குக் கண் இருக்கலாம், வாய் இருக்கக் கூடாது, நர்மதா பத்து, கோணம் முப்பது என்று தட்டிச் சமக்குறியை அமுக்குகிறாள், கலப்பெண்ணின் மெய்ப்பகுதி 1.54 என்கிறது கால்குலேட்டர், அவளும் ஆமாம் சாமி போட்டு எழுதிக்கொள்கிறாள், இன்னொரு முறை அமுக்கினால் கற்பனைப் பகுதி, மைனஸ் 9.88, அடிப் பெண்ணே, அது 8.66, கூட்டல் ஐந்து, நீ கொடுப்பது டிகிரிக் கோணம், உன் கால்குலேட்டர் அதை ரேடியன் என்கிற வேறு அலகாக எடுத்துக்கொள்கிறது, அந்த ஆர் அதற்குத்தான், காலையில் வாசலில் கால்குலேட்டர் மூடிகளைக் கழற்றி வாங்கிக்கொண்டிருந்தேன், உள்பக்கம் பென்சிலில் சூத்திரம் எழுதி வருவார்களே, அப்போது சொன்னாள், மேடம், இந்த ஒரு பேப்பர்தான் பாக்கி, ஏழு வருஷக் கெடு இதோட முடியுது, இதுவும் போச்சுன்னா டிகிரியே கிடையாது, நல்லா எழுதும்மா என்றேன், வேறென்ன சொல்ல.

1.54, இந்த எண்ணை நான் முன்பே பார்த்திருக்கிறேன், வினாத்தாள் எழுதுபவர்களுக்குப் பத்தும் முப்பதும் என்றால் அப்படியொரு பாசம், கோவில்பட்டி செண்பகவல்லி, என் விடுதி அறைத்தோழி, மின்சுற்றுத் தேர்வு முடிந்த வெயிலில் உள்ளங்கையில் இதே எண்ணை எழுதிக் காட்டுகிறாள், ஏட்டி, உனக்கும் இதுதான வந்துச்சு, இரண்டு நாள் முன்பு என் அரியர் கணக்குத் தேர்வுக்கு அவள் கால்குலேட்டரை இரவல் வாங்கியவள் நான், ரேடியனுக்கு மாற்றியவள் நான், மாற்றியபடியே திருப்பிக் கொடுத்தவளும் நான், சரியாத்தான் இருக்கும்டி என்றேன், அந்த ஒரு பேப்பரில் போனாள், தீப்பெட்டி ஆபீஸ் நடத்திய அவள் அப்பா சாக்குக்காகவே காத்திருந்தவர்போல வந்து நின்றார், படிச்ச லட்சணம் போதும், மாப்பிள்ளை வீட்டுல கேட்டுக்கிட்டே இருக்காங்க, அவள் பெட்டிக்கு நானும் ஒரு கை பிடித்து பஸ் வரை தூக்கி வந்தேன், அப்போதும் சொல்லவில்லை, பயம், வெறும் பயம், அந்தக் கைப்பிடி பத்தொன்பது வருஷமாக என் விரல்களில் அழுந்திக்கொண்டே இருக்கிறது.

இதோ குனிந்திருக்கும் தலை நர்மதாவா செண்பகாவா, நேர் வகிடு, காதோரம் வியர்வை, நான் பஸ்ஸின் பின்னால் நிற்கிறேனா, பெஞ்சுகளுக்கு நடுவிலா, கதவருகே பால்துரை சார், இந்த அறைக்கு என்னோடு போட்ட இன்னொரு மேற்பார்வையாளர், கொட்டாவி விட்டபடி என்னையே பார்க்கிறார், ஒரு வார்த்தை பேசினால் எனக்கு மெமோ, அது கிடக்கட்டும், அவள்மேலும் முறைகேடு என்று எழுதிவிடுவார்கள், பேசாவிட்டால் அவள் தானாகவே போவாள், எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர், உள்ளே சூத்திரம் ஏதாவது சேமித்து வைத்திருக்கிறாளா என்று சோதிப்பவள்போல அவள் கால்குலேட்டரை எடுத்தேன், நான்கு தட்டு, ஆர் போய் டி வந்தது, வைத்துவிட்டு நகர்ந்தேன், பெரிய காரியம் செய்துவிட்ட பெருமை வேறு, மூன்று பெஞ்சு தாண்டுவதற்குள் உறைத்தது, அடிப்பாவி, மறுபடியும் இன்னொருத்தியின் கால்குலேட்டரைச் சொல்லாமல் மாற்றியிருக்கிறாயே.

அவள் முதல் கணக்கைச் சரிபார்க்கிறாள், 8.66, மறுபடி தட்டுகிறாள், 8.66, எழுதியிருப்பதோ 1.54, எழுதிய ஐந்து பக்கத்தை நம்புவதா, திரையை நம்புவதா, முகம் வெளுத்து எழுந்தே விட்டாள், மேடம், நீங்க எடுத்துப் பார்த்தப்புறம் வேற ஆன்சர் வருது, எதையாச்சும் மாத்துனீங்களா, அறையில் பேனாக்கள் நின்றன, பால்துரை சார் வாயை மூடிக்கொண்டார், இல்லையே என்ற சொல் என் நாக்கு நுனியில் தயாராக இருந்தது, நன்றாகப் பழகிய சொல், ஆமாம்மா, நான்தான் மாத்தினேன், ரேடியன்ல இருந்துச்சு, முன்னாடி போட்ட கோணக் கணக்கு எல்லாம் தப்பு, இப்ப வர்றதுதான் சரி, சார், இந்தப் பொண்ணு எங்கிட்ட எதுவும் கேக்கல, நானாத்தான் செஞ்சேன், என் பேரை மட்டும் எழுதுங்க, அவர் மேலதிகாரியைக் கூப்பிட வெளியே போனார், நர்மதா நின்றபடியே அழ ஆரம்பித்தாள், அழாத, உக்காரும்மா, இன்னும் நாப்பது நிமிஷம் இருக்கு, முதல்லேர்ந்து போடு என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படி.