ஃப்ரிட்ஜுக்குள் என் இடது கால் பூட்ஸ்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். பத்தொன்பது வருஷம் பள்ளிக்கூடச் சாப்பாட்டுக்கூடத்தில் முந்நூறு பிள்ளைகளை மேய்த்தவளுக்கு வராமல் என்ன செய்யும்? நவம்பரில் அந்தக் கூடத்தையே இழுத்து மூடிவிட்டார்கள். ஐம்பத்திரண்டு வயதில் வேலை தேடி அலைந்தபோதுதான் நூலகப் பலகையில் அந்தத் தாளைப் பார்த்தேன். படப்பிடிப்பில் ஒலிப்பதிவு, மூன்று சனிக்கிழமைப் பட்டறை, எல்லாமே செய்முறை.

சொல்லிக்கொடுத்தவள் ஷெரிஸ் ஃபிளெட். என் மகள் வயதுதான் இருக்கும். கனடாவில் எங்கள் ஊரான வின்னிபெக்கில் எடுக்கிற டிவி தொடர்களில் பாதிக்கு அவள்தான் ஒலிப்பதிவு. முதல் நாளே போட்டு உடைத்துவிட்டாள்.

"பட்டறை முடிஞ்ச திங்கக்கிழமை ஒரு தொடர் ஆரம்பிக்குது. ஆறு வாரம். எனக்கு ஒரு உதவியாளர் வேணும். உங்க எட்டுப் பேர்ல ஒருத்தரைக் கூட்டிட்டுப் போவேன்."

அந்த வேலை எனக்கு வேண்டும் என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டேன். ஆனால் அந்த எட்டுப் பேரில் கோல்பி என்று ஒருவனும் இருந்தானே! இருபத்துநாலு வயது, புத்தம்புது கார். ஷெரிஸ் கேள்வியை முடிப்பதற்குள் பதில் சொல்லிவிடுவான். எனக்கோ ஒயரைச் சுருட்டவே ஒரு சனிக்கிழமை ஆயிற்று.

மூன்றாவது சனிக்கிழமை நிஜப் படப்பிடிப்பு. லெஸ்யா என்ற பெண்மணி தன் வீட்டுச் சமையலறையைக் கொடுத்துவிட்டுத் தங்கை வீட்டுக்குப் போயிருந்தார். மறுநாள் மதியம்தான் திரும்புவார். ஃப்ரிட்ஜின் மேல்தட்டு ஃப்ரீசர் முழுக்கத் தேவாலய விருந்துக்காக அவர் உறையவைத்த பெரோகிக் கொழுக்கட்டைகள். எண்ணிச் சொல்லிவிட்டுப் போயிருந்தார், அறுநூறு.

ஃப்ரிட்ஜ் ஓடினால் அதன் உறுமல் மைக்கில் விழும். அதனால் நிறுத்திவிட வேண்டும்.

"கோல்பி, வாண்டா, ஃப்ரிட்ஜ் உங்க ரெண்டு பேர் பொறுப்பு" என்றாள் ஷெரிஸ், அவனையும் என்னையும் பார்த்து. "நிறுத்தினவங்க கார் சாவியை உள்ளே வச்சிடணும். சாவி இல்லாம வீட்டுக்குப் போக முடியாதில்ல? போறப்ப ஃப்ரிட்ஜைத் திரும்பப் போடணும்னு தானா ஞாபகம் வரும். எங்க தொழில்ல எல்லாரும் இப்படித்தான்."

கோல்பி பிளக்கைப் பிடுங்கினான், சாவியை வெண்ணெய்க்குப் பக்கத்தில் வைத்தான்.

"உங்களுக்குத்தான் கார் இல்லையே அம்மணி! பஸ் டிக்கெட்டை வைக்கப்போறீங்களா?"

வீட்டுச் சாவியை வைக்கலாம் என்று பார்த்தேன். அதை என் வீட்டு வாசலுக்குப் போன பிறகல்லவா தேடுவேன்! விறுவிறுவென்று போய், வாசலில் கழற்றி வைத்திருந்த பூட்ஸில் ஒன்றைக் கொண்டுவந்து, பையில் சுற்றிப் பால் டப்பாவுக்குப் பக்கத்தில் திணித்தேன். கூட்டமே விழுந்து விழுந்து சிரித்தது.

"சிரிங்க, சிரிங்க. வெளியே மைனஸ் முப்பத்தோரு டிகிரி. சாக்ஸோட எவ்வளவு தூரம் போவேன்?"

வாய்தான் பெரிசு. வேலை? அரை மணியில் கை வலித்து, நீளக் கம்பில் மாட்டிய மைக் படத்துக்குள்ளேயே தொங்கிவிட்டது. கடைசியில், காட்சிகளை ஒட்டும்போது இடையில் சேர்ப்பதற்காக, அறையின் வெறும் அமைதியை முப்பது வினாடி பதிவுசெய்ய வேண்டும். எல்லாரும் சிலையாக நின்றோம். இருபத்தைந்தாவது வினாடியில் என் வயிறு கடமுடவென்று முழங்கியது.

"ஃப்ரிட்ஜை நிறுத்தினோம், அம்மணி வயித்தை நிறுத்த மறந்துட்டோம்!" என்றான் கோல்பி. அவன் அன்று ஒரு தப்பும் செய்யவில்லை. வேலை போச்சு என்று எனக்கு உறுதியாகிவிட்டது.

ஆறு மணிக்கு எல்லாம் கட்டி முடித்தோம். கோல்பி ஷெரிஸின் கையைக் குலுக்கிவிட்டு முதலில் கிளம்பினான். மற்றவர்களும் போனார்கள். நான் வாசலுக்கு வந்தால் ஒரு பூட்ஸ்தான் இருந்தது.

"எவன்டா என் பூட்ஸை எடுத்தது? இருக்கிற வயித்தெரிச்சலுக்கு இதுவேறயா!"

கத்தி முடிப்பதற்குள் உறைத்தது. ஐயோ, பெரோகி!

ஒற்றைப் பூட்ஸோடு நொண்டிக்கொண்டு ஓடினேன். சமையலறை மேஜையில் ஷெரிஸ் கோட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிளக்கைச் செருகினேன், ஃப்ரிட்ஜ் உறுமியது. மேல்தட்டைத் தொட்டேன், எல்லாம் கல்லாகத்தான் இருந்தது. அப்பாடா!

பூட்ஸை எடுக்கும்போது வெண்ணெய்க்குப் பக்கத்தில் கோல்பியின் சாவி கிடந்தது. சட்டென்று உள்ளங்கையில் மறைத்தேன். வாயாடிதான், ஆனாலும் சின்னப் பிள்ளை.

"அது யார் சாவி?" என்றாள் ஷெரிஸ்.

"தெரியல. எங்கேயோ கீழே கிடந்துச்சு."

"ஃப்ரிட்ஜுக்குள்ளயா?" அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "அவன் காரை போன்லயே ஸ்டார்ட் பண்றான், வாண்டா. ஜன்னல் வழியா பார்த்துட்டுத்தான் இருந்தேன். யார் திரும்பி வர்றாங்கன்னு பார்க்கத்தான் உட்கார்ந்திருக்கேன்."

"நான் ஞாபகம் வச்சுட்டு வரல. பூட்ஸைத் தேடித்தான் வந்தேன்" என்றேன் எரிச்சலோடு. பொய் இரண்டாவது முறை வாயில் வரவில்லை.

"நானும் இருபது தடவை சாவியைத் தேடித்தான் வந்திருக்கேன். அதுக்குத்தானே வைக்கிறோம்! கை வலி ஒரு வாரத்துல பழகிடும். திங்கக்கிழமை காலைல அஞ்சு மணி."

எனக்கு ஒரு நிமிஷம் விளங்கவில்லை. விளங்கியதும் வந்தது இதுதான்: "அஞ்சு மணிக்கு பஸ் கிடையாதே!"

"நான் வந்து கூட்டிட்டுப் போறேன். வாசல்ல நில்லுங்க." அவள் என் காலைப் பார்த்தாள். "ரெண்டு பூட்ஸும் போட்டுக்கிட்டு."

நாலு மணி நேரம் ஃப்ரிட்ஜில் கிடந்த பூட்ஸ். இடது கால் விரல் ஐந்தும் விறைத்துப்போக, பஸ் நிறுத்தம் வரை பைத்தியக்காரி மாதிரி சிரித்துக்கொண்டே நடந்தேன்.