லீவில் இருப்பவருக்கு மாலை

மலேசியாவின் மூவார் ஊரில் என் வீட்டுக்காரர் லோகேஸ்வரன் வேலை பார்க்கும் நாற்காலி ஃபேக்டரியில் வருடாந்திர விருந்து. அங்கேதான் பலகைக் கட்டு சரிந்து விழுந்து அவருடைய வலது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. அன்றிலிருந்து மெடிக்கல் லீவு. இப்போது பொய்க்கால் பொருத்தியாகிவிட்டது. உட்கார்ந்து செய்யும் வேலைக்குப் போகலாம் என்று டாக்டரே சொல்லிவிட்டார். இவர் வேலை கேட்டுப் போன் போடும்போதெல்லாம் சூப்பர்வைசர் ஹேமநாதன் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "நல்லா ரெஸ்ட் எடுங்கண்ணே, அவசரம் இல்லலா."

விருந்துக்கு மட்டும் கார் அனுப்பிக் கூப்பிட்டான். இவர் சட்டையை இரண்டு தடவை இஸ்திரி போடச் சொன்னார். எனக்கோ அந்தக் கார் மேலேயே சந்தேகமாக இருந்தது.

சாப்பாட்டுக்கு நடுவில் மேடைக்கு அழைத்தார்கள். பெரிய மாலை, பொன்னாடை. "லோகேஸ் அண்ணன் இந்தக் கம்பெனிக்குச் செஞ்ச சேவைய நாங்க என்னைக்கும் மறக்கமாட்டோம்!" என்றான் ஹேமநாதன். செஞ்ச சேவையாம்! வேலையில் இருக்கும் மனுசனைப் பற்றி யாராவது இப்படிப் பேசுவார்களா? மாலை போட்டுக் கைகழுவுகிறான். சீன முதலாளியும் கைதட்டினார். இவர் குனிந்து மாலையை வாங்கிக்கொண்டார். இந்த மனுசனுக்குப் புரியவில்லையே என்று எனக்கு அழுகை வந்தது.

இவர் மைக்கைக் கேட்டு வாங்கினார்.

"மாலைக்கு நன்றிங்க. ஆனா நான் வேலைய விடல. லீவுலதான் இருக்கேன். உக்காந்து செய்யுற வேல எதுவா இருந்தாலும் செய்வேன். திங்கக்கிழம எந்த ஷிப்டுக்கு வரணும், சொல்லுங்க."

அதையே முதலாளிக்காக மலாயிலும் சொன்னார்.

முதலாளி ஹேமநாதனைப் பார்த்தார். ஹேமநாதன் தரையைப் பார்த்தான். இவர் ஊன்றுகோலைப் பிடித்தபடி பதிலுக்காக நின்றார். பொய்க்காலில் அவ்வளவு நேரம் நின்று அவருக்குப் பழக்கமில்லை. அவர் உட்கார ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மேடைக்கு ஓடலாம் என்று எழுந்தேன். நிற்கட்டும், எல்லாரும் பார்க்கட்டும் என்று மறுபடி உட்கார்ந்துவிட்டேன்.

ஹேமநாதன் இன்னொரு மைக்கை எடுத்தான். "ஓகேலா, அடுத்து லக்கி டிரா! மொதப் பரிசு டிவி!" சீட்டு நம்பரைப் படித்தான். யாரும் வரவில்லை. மறுபடி உரக்கப் படித்தான்.

என் பக்கத்தில் அய்யாவு உட்கார்ந்திருந்தார். இவரோடு சேர்ந்து பலகை ஏற்றியவர். அந்தச் சீட்டு அவர் கையில்தான் இருந்தது. நம்பரைப் பார்த்தார். மேடையில் இன்னும் நின்றுகொண்டிருந்தவரைப் பார்த்தார். பரிசு வாங்க அய்யாவு எழுந்து போகவில்லை.