வீட்டில் இருந்த முடிச்சுகள்

முதலில் ஆட்டுக் கயிற்றை அவிழ்த்தார்கள். பிறகு சாமை மூட்டைகளின் வாய். பிறகு புளிக்கூடையைச் சுற்றியிருந்த சணல். கடைசியில் பாஞ்சாலை தன் கொண்டையையும் பிரித்துப் போட்டுவிட்டு நடுவீட்டில் நின்றாள்.

மருமகள் பூவிழிக்கு விடியற்காலையில் வலி கண்டது. மலையிறங்கிய ஆம்புலன்ஸில் கூடப் போக ஒருவருக்குத்தான் இடம். மகன் அருள் ஏறிக்கொண்டான். அடுத்த பஸ் மறுநாள் காலையில்தான். பாஞ்சாலை போனுக்கு லைன் கிடைக்கிற பாறைமேல் ஏறி நின்று கேட்டபோது, "தல எறங்கலயாம்மா. பாத்துனு கீறாங்க" என்றான் அருள். வேறொன்றும் அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை.

சேதி கேட்டு ஓரகத்தி சாந்தம்மாள் ஓடி வந்தாள். பிள்ளை பிறக்கிற நேரம் வீட்டில் முடிச்சு இருந்தால் வயிறு திறக்காது என்பாள் அவள்.

"தூளிய எவன் கட்டனது?" உத்தரத்தைப் பார்த்துக் கத்தினாள்.

"அருள்தான்க்கா. ஆசையா கட்டிட்டான்."

"பொறக்கறதுக்கு முன்னாடியே தூளியா? உம் புள்ளைக்கு மீசதான் மொளச்சிக்கீது, மூள மொளைக்கல."

ஸ்டூல்மேல் ஏறி அவளே அவிழ்த்தாள். இறங்கும்போது சுவரில் சாய்த்திருந்த பலகை கண்ணில் பட்டது.

பலகையில் கறுப்புத் துணி. அதன்மேல் தாம்பாள அகலத்துக்கு ஒரு வெள்ளை லேஸ். கஞ்சித் தண்ணீரில் நனைத்து, விளிம்பில் வரிசையாக இருந்த சின்னச் சின்ன நூல் காதுகளை இழுத்துக் குண்டூசி குத்திக் காயவைத்திருந்தார்கள். ஜமுனாமரத்தூர் கோடை விழாவில், மகளிர் குழு ஸ்டாலில் வைப்பதற்கு.

"இது எதுல செஞ்சது?" என்றாள் சாந்தம்மாள்.

பாஞ்சாலை பலகையை மறைத்துக்கொண்டு நின்றாள். அது முழுக்க முழுக்க முடிச்சு. ஊசி கிடையாது, தறி கிடையாது. உள்ளங்கையில் அடங்குகிற படகு மாதிரி ஒரு ஷட்டில், அதில் சுற்றிய நூல், பத்து விரல்கள். பூவிழி ஹாஸ்டலில் படித்தபோது கற்றுக்கொண்ட வேலை. கால் வீங்கிப்போய்க் காட்டு வேலைக்கு வர முடியாமல் உட்கார்ந்த நாள்களில் நடுவில் இருக்கிற பூவைப் போட்டாள். சுற்றுக்கரையை மட்டும் மாமியாருக்கு விட்டாள்.

பாஞ்சாலைக்கு அது லேசில் வரவில்லை. முடிச்சைப் போடுவது வலது கை; ஆனால் அது விழ வேண்டியது இடது கை நூலில். சுண்டுகிற நேரத்தில் இடது கையைத் தளர்த்தினால் முடிச்சு புரண்டு, சரியாக அந்தப் பக்கம் போய்விடும். தளர்த்தாவிட்டால் இங்கேயே இறுகிக்கொள்ளும். அப்புறம் என்ன இழுத்தாலும் முடிச்சுகள் நகர்ந்து வளையமாக மூடாது. விறகுக்கட்டும் மூங்கிலும் இழுத்துப் பழகிய கைக்கு விடத் தெரியவில்லை.

"மாடா புடிச்சினு கீறீங்க? எடது கைய வுடுங்க அத்த, நூலு எங்கயும் ஓடாது" என்று சிரிப்பாள் பூவிழி. மூடாத வளையத்தை வெளிச்சத்தில் பிடித்து, புரளாமல் நின்ற முடிச்சைக் கண்டுபிடிப்பாள். அறுத்து, புது நூல் கட்டி, திரும்பக் கையில் கொடுப்பாள். "மூடனதுக்கு அப்புறம் அவுக்க முடியாது அத்த. தப்புன்னா அறுக்கறதுதான்."

"அவுக்க வராதுக்கா" என்றாள் பாஞ்சாலை இப்போது.

"அவுக்க வரலன்னா அறு."

"அவ வயித்துப் புள்ளயோட ஒக்காந்து போட்டதுக்கா."

"வந்து இன்னொன்னு போடட்டும். மொதல்ல வர வேணாமா?"

பாஞ்சாலை மறுபடி பாறைக்குப் போனாள். உச்சி வெயிலில் நின்று நின்று பார்த்தாள். லைன் கிடைக்கவே இல்லை. திரும்பி வந்து கத்தரிக்கோலை எடுத்தாள். நம்பினாளா என்றால் அவளுக்கே தெரியாது. அறுக்காமல் விட்டு ஏதாவது ஆகிவிட்டால் அப்புறம் அந்த லேஸை எந்தக் கண்ணால் பார்ப்பது? அவ்வளவுதான் நினைத்தாள்.

தான் போட்ட சுற்றுக்கரையை ஒவ்வொரு வளையமாக அறுத்தாள். நூல் துண்டுகள் மடியில் உதிர்ந்தன.

"நடுவுல கீறது?"

"அது அவ போட்டது. அத நான் தொட மாட்டேன்."

"வயித்துக்கு இன்னா தெரியும், யாரு போட்டதுன்னு?" என்றாள் சாந்தம்மாள். ஆனால் கத்தரிக்கோலைப் பிடுங்கவில்லை.

பொழுது சாயும் முன் பாறைமேல் போன் அடித்தது. அருள் அழுதான். ஆபரேஷன் பண்ணி எடுத்தார்கள், பெண் குழந்தை. உச்சிப்பொழுதிலேயே பிறந்துவிட்டது, போட்டுப் போட்டுப் பார்த்தும் லைன் கிடைக்கவில்லை. அப்படியென்றால் கத்தரிக்கோலை அவள் தொடுவதற்கு முன்பே.

"பூவிழி?"

"ரத்தம் நிக்கலம்மா. ஏத்தினே கீறாங்க."

இறங்கி வந்தால் வீடு திறந்தபடி கிடந்தது. ஆடுகள் சாமைக் கொல்லையில் மேய்ந்தன. மூட்டை சரிந்து தானியம் தரையெல்லாம் ஓடியிருந்தது. பாஞ்சாலை வாசற்படியில் நின்று பார்த்தாள். பிள்ளை வந்தாயிற்று, இனி திறந்தது போதும் என்று தோன்றியது. தலையை அள்ளி முடிந்தாள். மூட்டைகளைக் கட்டினாள். பிறகு பலகையிலிருந்து பூவைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு ஷட்டிலை எடுத்தாள்.

"இப்ப போயி இன்னாடி பண்றே?"

"மூடறேன்க்கா."

சாந்தம்மாள் கயிற்றை எடுத்துக்கொண்டு ஆடு பிடிக்கப் போனாள்.

நூலை விரலில் சுற்றினாள். முதல் முடிச்சு இந்தப் பக்கமே நின்றது. இடது கையைத் தளர்த்தி மறுபடி போட்டாள், புரண்டது. வளையம் நிறைந்ததும், பூவின் காதில் கோத்து இழுத்தாள். மூடிக்கொண்டது. அடுத்ததைத் தொடங்கினாள்.

காலைப் பஸ்ஸிலும் போட்டுக்கொண்டே போனாள். வளைவுகளில் உடம்பு சாய்ந்தபோதும் நூலை விடவில்லை.

அவள் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்கு முன்பே, விடியும் நேரத்தில் ரத்தம் நின்றிருந்தது. பூவிழி வெளுத்துப்போய்க் கிடந்தாள்; பக்கத்தில் துணிச்சுருளுக்குள் குழந்தை. கண் திறந்தவள் முதலில் மாமியாரின் மடியைத்தான் பார்த்தாள்.

"மீதி பார்டர் எங்க அத்த?"

"அறுத்துட்டேன்."

"ஏன்?"

"நீ வரணும்னு."

பூவிழி குழந்தை பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகு கையை நீட்டிப் புது வளையம் ஒன்றை விரலால் தடவினாள்.

"எல்லாம் மூடிக்கீது."

"ம்."

"மிச்சத்த போடாதீங்க. நான் வந்து போடறேன்."

கோடை விழாவில் கறுப்புத் துணிமேல் அது அப்படியேதான் இருந்தது. வட்டத்தில் கால் பங்குக்குக் கரை. மற்ற இடங்களில் பூவின் வெறுங்காதுகள், ஒவ்வொன்றிலும் ஒரு குண்டூசி. ஏன் பாதியில் நிற்கிறது என்று பார்க்க வந்த ஒரு அம்மா கேட்டாள்.

ஸ்டாலில் உட்கார்ந்திருந்த சாந்தம்மாள் நிமிர்ந்தாள். "போடற ஆளு வூட்ல புள்ளைக்குப் பாலு குடுத்துனு கீது. நிதானமா போடும்."