ஆறு மணி வரை

மலைப் பூங்கா அலுவலகத்திலிருந்து பேசிய அதிகாரியின் கடைசிக் கேள்விக்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை.

மற்றதற்கெல்லாம் இருந்தது. வசந்தத்தின் தொடக்கத்தில் நான்கு நாள், தனியாக, குடில்களில் தங்கி நடக்கப்போகிறேன் என்றேன். மேல்பாதையில் இன்னும் பனி கிடக்குமே என்றார் அவர். அதனால்தான் ஆற்றோரப் பாதையைத் தேர்ந்தெடுத்தேன் என்றேன். பனி உருகுவதால் மதியத்துக்கு மேல் ஓடைகள் பெருகுமே, எப்படிக் கடப்பீர்கள் என்றார். காலையில் தண்ணீர் குறைவாக இருக்கும்போதே கடப்பேன், முழங்காலுக்கு மேல் போனால் திரும்பிவிடுவேன் என்றேன். அவர் குரலில் மரியாதை கொஞ்சம் கூடியதுபோல் இருந்தது. எனக்கு அப்படித் தோன்றியிருக்கவும் கூடும்.

"சரி, உங்க பொறுப்பாளர் யாரு?" என்றார்.

"புரியலைங்க."

"தனியா வர்றவங்களுக்கு வெளியில ஒரு ஆள் இருக்கணும். ஒவ்வொரு குடில்லயும் போன் இருக்கு. தினமும் சாயங்காலம் ஆறு மணிக்குள்ள அவங்களைக் கூப்பிட்டு, வந்து சேர்ந்துட்டேன்னு சொல்லணும். ஆறு வரைக்கும் வரலைன்னா அவங்க எங்களைக் கூப்பிடணும். முன்னாடி கூப்பிட்டா எங்க ஆளுங்க சும்மா குளிர்ல அலைவாங்க. பின்னாடி கூப்பிட்டா இருட்டிடும். யோசிச்சு ஒருத்தரைச் சொல்லுங்க. அவங்ககிட்ட நானே பேசுவேன். பேசிட்டுத்தான் அனுமதி."

மாதக் கடைசிவரை நேரம் கொடுத்துவிட்டு வைத்தார்.

எங்கள் வீட்டில் நானும் அம்மாவும்தான். அம்மாவுக்கு அக்கா வைத்த பெயர் சைரன். போன குளிர்காலத்தில் ஒரு நாள் மாலை வகுப்பு முடிய நேரமாகி, என் கைபேசியும் அணைந்துவிட்டது. வீட்டுக்கு வருவதற்குள் அம்மா வகுப்பு மாஸ்டரையும், என் முதலாளியையும், இரண்டு மருத்துவமனைகளையும், தீயணைப்பு நிலையத்தையும் கூப்பிட்டிருந்தாள்.

"தீயணைப்பு நிலையம் எதுக்கும்மா?" என்று கேட்டேன்.

"அவங்கதான் உடனே எடுத்தாங்க" என்றாள்.

இந்த அம்மாவைப் பொறுப்பாளர் என்று சொன்னால் மலையில் நான் முதல் நாள் பையைக் கீழே இறக்கி வைப்பதற்குள் மீட்பு வீரர்கள் கயிற்றோடு வந்து நிற்பார்கள். அக்கா இரண்டு தெரு தள்ளி இருக்கிறாள். நிதானமானவள்தான். ஆனால் கைபேசியை ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிட்டு வீடெல்லாம் தேடுகிறவள்.

ஒரு சாதாரண விடுமுறைக்கு ஏன் இத்தனை பாடு என்று எனக்கே தோன்றியது. நான் மூக்குக் கண்ணாடிக் கடையில் பின்னறையில் வேலை செய்கிறேன். லென்ஸைச் சட்டத்தின் அளவுக்குத் தேய்த்து, விளிம்பைச் சீவி, சட்டத்தைச் சூடுகாட்டி இளக்கி, உள்ளே பொருத்துவேன். பொருத்திய ஒவ்வொரு கண்ணாடியையும் முன்னறையில் கண் பரிசோதிக்கும் அண்ணன் எடுத்துக் கருவியில் வைத்துப் பார்த்து, "சரி" என்பார். அவர் அந்தச் சொல்லைச் சொல்லும்வரை எனக்கு மூச்சு வராது. நாளெல்லாம் இப்படித்தான். என் முடிவை நானே எடுத்து, யாரும் "சரி" சொல்லாமல் நான்கு நாள் இருந்து பார்க்க வேண்டும். அதற்கு மலைதான் வேண்டுமா என்று கேட்டால், பேருந்து நிலையத்தில் உட்கார்ந்து அதைச் செய்ய முடியாது என்பதுதான் என் பதில்.

அந்தக் கண் பரிசோதகரையே கேட்டேன். உலகமே தலைகீழானாலும் முதலில் தேநீரை முடிப்பவர் அவர்.

"அதுக்கென்ன, என் பேரைச் சொல்லிக்கோ" என்றார். "ஆறு மணிக்கு நீ கூப்பிடலைன்னா நான் கூப்பிடணும். அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான் அண்ணே."

"ஆளைப் பார்த்தா வாசல் தாண்டவே பயப்படுற மாதிரி இருக்கே. மலைக்குப் போறியா நீ?"

"பயந்துக்கிட்டே போவேன்."

அன்று சாயங்காலம் அம்மாவிடம் சொன்னேன். துவைத்துத் தேய்க்கும் கடையில் அம்மாவுக்குக் கவுன்ட்டர் வேலை. வீட்டுக்கு வந்தும் கை சும்மா இருக்காது. துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தவள் நிமிராமலேயே கேட்டாள்: "என் பேரைச் சொல்லலியா?"

"நீ அவசரப்படுவேம்மா."

"ஆமா, நான் அவசரக்காரி" என்றாள். அடுத்த துண்டை எடுத்து மடித்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வரைபடம் பார்த்து நடக்கும் பயிற்சிக்காகத்தான் வாரத்தில் இரண்டு மாலை வகுப்புக்குப் போகிறேன். ஒவ்வொரு நடைக்குப் பிறகும் நடந்ததை எழுதி வைக்க வேண்டும் என்பது மாஸ்டரின் கட்டளை. இதையும் அப்படித்தான் எழுதத் தொடங்கினேன். கடைசிப் பயிற்சியாக ஊருக்கு வெளியே இருக்கும் காட்டுக் குன்றில் ஒரு நாள் தனியாக ஏறி இறங்க வேண்டும். பூங்காவின் விதிகளையே அங்கேயும் வைத்துக்கொண்டேன். குன்றைச் சுற்றி வந்து சாலை முடியும் இடத்திலிருக்கும் நிறுத்தத்தில் கடைசிப் பேருந்தைப் பிடிக்க வேண்டும். அங்கே கைபேசிக்குச் சிக்னல் எடுக்காது. பேருந்து ஊரை நெருங்கியதும் எடுக்கும். ஆறு மணிக்குள் கண் பரிசோதகரைக் கூப்பிடுவேன். கூப்பிடாவிட்டால் அவர் வனக்காவல் சாவடிக்குச் சொல்ல வேண்டும். பாதை, நேரம், சாவடியின் எண், நான் போட்டிருக்கும் மேற்சட்டையின் நிறம் எல்லாம் எழுதி ஒன்றை அவரிடம் கொடுத்தேன், இன்னொன்றைச் சமையலறையில் ஒட்டினேன்.

ஏறும்போது எல்லாம் ஒழுங்காக நடந்தது. உச்சியில் உட்கார்ந்து சாப்பிட்டேன். கீழே நகரம் யாரோ கொட்டிவிட்டுப்போன தீப்பெட்டிகள்போல் கிடந்தது. இவ்வளவுதானா நம் ஊர் என்று தோன்றியபோது கொஞ்சம் கர்வமாகவே இருந்தது.

இறங்கும் வழியில் பாதை இரண்டாகப் பிரிந்தது. இடதுபக்கம் என்றது வரைபடம். திசைகாட்டியும் இடதுபக்கம் என்றது. மரத்தில் பூசியிருந்த மஞ்சள் அடையாளமும் இடதுபக்கத்தில்தான் இருந்தது. மூன்றும் ஒன்றையே சொன்னதால் எனக்குச் சந்தேகம் வந்தது. இவ்வளவு எளிதாக இருக்காதே, வேறு எங்கேயோ நின்றுகொண்டு இதுதான் அந்த இடம் என்று நினைக்கிறேனோ? கடைசியாக உறுதி செய்த மரப்பாலம்வரை மேலே ஏறிப் போய்ப் பார்த்தேன். பாலம் அங்கேதான் இருந்தது. திரும்பி வந்தேன். வந்ததும், நான் பார்த்தது அதே பாலம்தானா என்று ஒரு எண்ணம். மறுபடி ஏறினேன். மூன்றாவது முறையாகப் பிரிவுக்கு வந்து, இடதுபக்கம் திரும்பி, எந்தத் தொல்லையும் இல்லாமல் நிறுத்தத்துக்கு வந்து சேர்ந்தபோது, பேருந்தின் பின்பக்கம் வளைவில் மறைந்துகொண்டிருந்தது.

ஓடிப் பார்த்தேன். பிறகு பெஞ்சில் உட்கார்ந்தேன். எங்காவது மாட்டிக்கொண்டால் திட்டத்தில் எழுதிய இடத்தைவிட்டு நகராதே என்பது மாஸ்டரின் முதல் பாடம். ஆறு மணி ஆனது. இந்நேரம் அண்ணன் சாவடிக்குச் சொல்லியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு தவறும் நடக்காத பாதையில் நானே ஒரு தவறை உண்டாக்கியிருக்கிறேன். இந்த லட்சணத்தில் பனிமலைக்கு வேறு போகிறேனாம். பூங்காவைக் கூப்பிட்டு, வேண்டாம், மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிடலாம் என்று அந்த பெஞ்சில்தான் தீர்மானித்தேன்.

வெளிச்சம் போவதற்குள் வனக்காவலர் ஒருவர் ஜீப்பில் வந்துவிட்டார்.

"நீலச் சட்டை. சரியா இருக்கு. ஏறும்மா" என்றார். "உங்க அம்மா சொன்ன இடத்துலயே உக்காந்திருக்கே."

"அம்மாவா? கண்ணாடிக் கடைக்காரர் இல்லையா?"

"அவர் யாரு? அம்மாதான் போன் பண்ணாங்க. சரியா ஆறு மணிக்கு. நான் காட்டுக்குள்ள ஆளை அனுப்பணுமான்னு கேட்டேன். வேண்டாம், முதல்ல நிறுத்தத்தைப் பாருங்கன்னாங்க. 'அவ வழி தவறியிருக்க மாட்டா, சரியான வழியைச் சந்தேகப்பட்டு நின்னு பஸ்ஸை விட்டிருப்பா'ன்னாங்க." அவர் வண்டியைத் திருப்பினார். "நிஜமாவே அப்படியா?"

"அப்படித்தான்" என்றேன்.

வாசலில் அக்கா நின்றாள். அம்மா என்னைத் தலைமுதல் கால்வரை ஒருமுறை பார்த்தாள். "கால் கழுவிட்டு வா, சாப்பிடலாம்" என்று உள்ளே போய்விட்டாள். அழுகை இல்லை, ஆர்ப்பாட்டம் இல்லை. இது என் அம்மாதானா என்று எனக்கே சந்தேகம் வந்தது.

அக்காதான் சொன்னாள். "மத்தியானமே என்னை வரச் சொல்லிட்டா. போனை என் கையில குடுத்து, 'ஆறு மணிக்கு முன்னாடி நான் கேட்டாலும் குடுக்காதே'ன்னு சொன்னா. அப்புறம் வீட்ல இருக்கிற போர்வையை எல்லாம் எடுத்து மடிச்சா. மடிச்சதைப் பிரிச்சு மறுபடி மடிச்சா. அஞ்சரை மணிக்கு வந்து கெஞ்சுறாடி, ஒரே ஒரு போன்னு. நான் குடுக்கல. போனை அடியில வச்சு, அது மேலயே உக்காந்துட்டேன்."

"கண் பரிசோதகர் என்ன ஆனாரு?"

"ஆறு அடிச்சதும் அம்மா முதல்ல அவரைத்தான் கூப்பிட்டா. 'இன்னும் போன் வரல. வளர்ந்த பொண்ணு, வந்துடும்மா'ன்னாரு. அம்மா சரிங்கன்னு வச்சுட்டு உடனே சாவடிக்குப் போட்டா."

"தீயணைப்பு நிலையத்துக்கு?"

சமையலறையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "நீ என்ன, தீப்பிடிச்சா எரிஞ்சுக்கிட்டு இருந்தே?"

மறுநாள் கடையில் கண் பரிசோதகர் வருத்தப்பட்டார். கோபப்பட எனக்கு ஒன்றும் இல்லை. நிதானமானவர் என்றுதான் அவரைத் தேர்ந்தெடுத்தேன். அவரும் நிதானமாகத்தான் இருந்தார். கண்ணாடியை வாங்கிப் பார்த்து "சரி" என்றவர், "போறதை மட்டும் விட்டுடாதே" என்றும் சேர்த்துக்கொண்டார்.

போவதா விடுவதா என்பதில் இரண்டு நாள் போனது. மூன்றாம் நாள் திட்டத்தை எடுத்து, நாள்தோறும் ஒரு மணி நேரத்தை ஒதுக்கி, அதன் எதிரே 'சந்தேகத்துக்கு' என்று எழுதினேன். நடையைச் சுருக்கி, மூன்றாவது குடிலை விட்டுவிட்டு, இரண்டாவதிலேயே இரண்டு இரவு தங்குவதாக மாற்றினேன். திட்டம் முன்பைவிட நன்றாக இருந்தது. நானே பார்த்து நானே சரி என்றேன்.

பிறகு அம்மாவிடம் போனேன். "எனக்குப் பொறுப்பாளரா இருக்கியாம்மா?"

"நானா? நான் அவசரக்காரி ஆச்சே. ஏன், உன் கண் டாக்டர் ஊருக்குப் போயிட்டாரா?"

"அம்மா."

"கெஞ்சிக் கேளு."

"கெஞ்சித்தான் கேக்குறேன்."

"இன்னும் கொஞ்சம்" என்றாள். ஆனால் முகம் எப்போதோ மலர்ந்துவிட்டது.

அதிகாரி கூப்பிட்டபோது முதலில் நான் பேசினேன். குன்றில் நடந்ததை மறைக்காமல் சொன்னேன். அனுமதி போனால் போகட்டும் என்றுதான் சொன்னேன்.

"சந்தேகம் வந்து திரும்பிப் போய்ப் பார்த்தவங்களை நாங்க இதுவரைக்கும் தேடிப் போனதில்லை" என்றார் அவர். "அம்மாகிட்ட குடுங்க."

அம்மா தலைமுடியைச் சரிசெய்துகொண்டு கைபேசியை வாங்கினாள். ஒருபக்கம்தான் எனக்குக் கேட்டது.

"ஆமாங்க, நான்தான்... அஞ்சே முக்காலுக்குப் போன் வரலைன்னா? ஒண்ணும் பண்ண மாட்டேன். என் மூத்த பொண்ணு பக்கத்துல இருப்பா... ஆறு மணிக்கு உங்களைக் கூப்பிடுவேன். இல்லங்க, அஞ்சு நிமிஷம்கூடப் பொறுக்க மாட்டேன். ஆறுன்னா ஆறு." பேனாவை எடுத்துக்கொண்டாள். "நானும் ஒண்ணு கேக்கலாமா? ஆறு மணிக்கு அங்க போனை எடுக்கிறது யாரு? ஷிப்ட் மாறுற நேரமா அது?... அப்போ அவங்க பேரும் எனக்கு வேணும். லீவுல போனா பதிலுக்கு வர்றவங்க பேரும்."

கைபேசி என்னிடம் திரும்பி வந்தபோது அதிகாரி சிரித்துக்கொண்டிருந்தார். "அனுமதி அனுப்பிடுறேன். உங்க அம்மா எனக்குத்தான் பரீட்சை வச்சாங்க. நான் பாஸான்னு கேட்டுச் சொல்லுங்க."

நேற்று வேலை முடிந்து அம்மாவை அழைத்துவர துவைக்கும் கடைக்குப் போயிருந்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. தொங்கும் உடுப்புகளுக்கு நடுவே நுழைந்து, ஒரு கோட்டின் சீட்டைச் சரிபார்த்து எடுத்து வந்து, கவுன்ட்டரில் வைத்து, வாடிக்கையாளர் அம்மாளிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

"மத்ததை அடுத்த வாரம் வந்து வாங்கிக்கோங்க. அதுக்கப்புறம் நாலு நாள் சாயங்காலத்துல நான் இருக்க மாட்டேன். லீவு சொல்லிட்டேன்."

"எங்கேயாவது போறீங்களா?"

"நான் போகல. என் சின்னப் பொண்ணு போறா. மலைக்கு. நான்தான் பொறுப்பு."

"யாருகூடப் போறா?"

"தனியா" என்றாள் அம்மா. இத்தனை வருடம் அந்தச் சொல்லை அவள் பயந்த குரலில்தான் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அந்த அம்மாளுக்குக் காது சரியாகக் கேட்கவில்லை போலிருக்கிறது. அம்மா சந்தோஷமாக, இன்னும் சத்தமாக, இன்னொரு முறை சொன்னாள்.