இருட்டுக் குடுவை

நீலப்பச்சைப் பாசியைப் பாசி என்று சொன்னால் அவளுக்குப் பிடிக்காது. அது பாக்டீரியா. கல்யாணமான புதிதில் அவள் கணவன் வாய் தவறி "உன் பாசி எப்படி இருக்கு?" என்று கேட்டு, சோறு ஆறிப்போகும் வரை பாடம் கேட்டிருக்கிறான். அதன் பிறகு "அதுங்க எப்படி இருக்கு?" என்று மொட்டையாகக் கேட்கப் பழகிக்கொண்டான்.

அதுங்களின் பிழைப்பு ஒழுங்கானது. பகலில் வெளிச்சத்தை வைத்துச் சர்க்கரை தயாரிக்கும், செலவு போக மிச்சத்தைச் சேர்த்து வைக்கும், இரவில் அதைத் தின்று காலம் தள்ளும். அவளுடைய ஆராய்ச்சி இந்த ஒழுங்கில் கை வைப்பது. சர்க்கரையை அவளே கரைத்து ஊற்றி, முழு இருட்டில் வைத்துவிட்டால் உட்கார்ந்து தின்ன வேண்டியதுதானே? மாட்டேன் என்கிறது. தினமும் சில நிமிடமாவது வெளிச்சம் காட்டினால்தான், மீதி நேரம் இருட்டிலேயே கிடந்து சர்க்கரையைத் தின்று பெருகும். சர்க்கரை தயாரிக்க அந்தச் சில நிமிடம் எந்த மூலைக்கும் காணாது. பின்னே எதற்கு அந்த வெளிச்சம் என்பதுதான் அவள் கேள்வி.

அதற்கு இரண்டு குடுவைகள், இரண்டு கறுப்புப் பெட்டிகள். ஒரு பெட்டிக்குள் தினமும் தானாகச் சிறிது நேரம் எரிந்து அணையும் விளக்கு. மற்றதில் ஒன்றும் கிடையாது. விளக்குக் குடுவை பச்சையாக வேண்டும், இருட்டுக் குடுவை அப்படியே வெளிறி நிற்க வேண்டும். இரண்டும் பச்சையாயின.

ஒரு முறை என்றால் கைத்தவறு. மறுபடி மறுபடி பச்சையானபோது ஆராய்ச்சிக்கூட இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கண்ணாடியைத் துடைத்தால் யாருக்கோ கெட்ட நேரம் என்று அர்த்தம்.

"இருட்டுல வளராதுன்னு சொல்லித்தான் நிதி வாங்கினோம். இன்னொரு தடவை வளர்ந்தா, இதை மூடிடலாம்மா."

அவள் ஒரு முடிவுக்கு வந்தாள். யாரோ பெட்டியைத் திறக்கிறார்கள். அந்த அறையில் அவளை விட்டால் இருப்பது பக்கத்து மேசை ஆராய்ச்சியாளன். வேலை செய்யும்போதெல்லாம் விசிலடிப்பதால் அவனுக்கு விசில் என்றே பெயர். விசிலடிக்கிறவன் எதையும் செய்வான் என்று அவளுக்குத் தோன்றியது. இயக்குநரிடம் போய் அவன் மேல் புகார் சொன்னாள்.

"நேர்ல பாத்தியா?" என்றார் இயக்குநர்.

"வேற யாரு சார் இருக்கா?"

விசிலின் மேசை கீழ்த்தளத்தில் ஜன்னல் இல்லாத அறைக்குப் போனது. "நான் உங்க பெட்டியத் தொட்டதே இல்லீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான். அன்று விசில் சத்தம் இல்லை.

அவள் காவலைப் பலப்படுத்தினாள். இருட்டுப் பெட்டிக்குப் பூட்டுப் போட்டு, சாவியைக் கழுத்துச் சங்கிலியில் கோத்துக்கொண்டாள். தினமும் மதியம் பெட்டியைத் திறந்து, குடுவையை எடுத்து, டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்து, லேசாகக் குலுக்கி, முன்னும் பின்னும் திருப்பி, நிறம் மாறியிருக்கிறதா என்று ஆற அமரப் பார்த்துவிட்டுத்தான் மறுபடி பூட்டினாள். முன்பும் பார்ப்பதுதான். இப்போது கூடுதல் அக்கறையோடு பார்த்தாள். குடுவை பச்சையாகத் தொடங்கியது.

அவள் கணவன் ஆஸ்பத்திரியில் இரவு நர்ஸ். பகலில் தடித்த திரை போட்ட அறையில் தூங்குவான். விடுமுறை நாளில் அவள் கதவைத் திறந்து, திரையை ஒரு பக்கம் ஒதுக்கி, அவன் முகத்தைப் பார்த்தாள்.

"தூக்கம் வருதா?"

"நீ வந்து பாக்கற வரைக்கும் வந்துச்சு."

"நல்லாத் தூங்கறியான்னுதான் பாத்தேன்."

"ஒவ்வொரு லீவுக்கும் இதையேதான் சொல்ற. திரையை மூடு."

மூடவில்லை. திரையைப் பிடித்தபடி நின்றாள். வெயில் அவன் மூக்கின் மேல் விழுந்து கிடந்தது.

"நான் எவ்வளவு நேரமா நிக்கறேன்?"

"கொஞ்ச நேரமாத்தான். அது போதும்."

குடுவையை எடுத்துத் தான் பார்ப்பதை ஒருநாளும் அவள் வெளிச்சக் கணக்கில் சேர்த்ததில்லை. அவமானத்தில் காது சுட்டது. கீழ்த்தளத்தில் உட்கார்ந்திருக்கிறவனை நினைத்தபோது இன்னும் சுட்டது.

மறுநாள் இயக்குநரிடம் சொன்னாள். அவர் கண்ணாடியைத் துடைத்து, ஒரே ஒரு தடவை, அதுவும் கடைசித் தடவை என்றார். பிறகு கீழே போனாள்.

"பெட்டியத் திறந்தது நான்தான். மன்னிச்சிடுங்க."

விசில் நிமிர்ந்து பார்த்தான். "எதுக்குத் திறந்தீங்க?"

"யாராவது திறக்கறாங்களான்னு பாக்க."

அவன் சிரிப்பான் என்று எதிர்பார்த்தாள். சிரிக்கவில்லை. அவள் சாவியைக் கழற்றி நீட்டினாள்.

"இது உங்ககிட்ட இருக்கட்டும். நான் கேட்டாலும் தராதீங்க."

"வளர்ந்துட்டா மறுபடி என்னைச் சொல்லுவீங்களா?"

"மாட்டேன். என் வேலை போனாலும் சொல்ல மாட்டேன்."

சாவியை வாங்கிக்கொண்டான். மேசை மேலே திரும்பி வந்தது, விசில் சத்தம் வரவில்லை. அவள் கை அடிக்கடி வெறுங்கழுத்துக்குப் போனது. ஒரு நாள் கேட்டே விட்டாள். அவன் காது கேளாதவன் போல இருந்தான்.

சோதனை முடிந்த அன்று இயக்குநர் முன்னால் அவன்தான் பூட்டைத் திறந்தான். விளக்குக் குடுவை பச்சை. இருட்டுக் குடுவை வைத்தது வைத்தபடி வெளிறி நின்றது. இயக்குநர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "நடத்தும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவளுக்குச் சந்தோஷம்தான். ஆனாலும் சுற்றிலும் சர்க்கரையை வைத்துக்கொண்டு பெருகாமல் கிடந்ததைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

"பாவம், அதுங்க" என்றாள்.

"இனிமே பாக்கலாம்ல. எடுத்துப் பாருங்க" என்றான் விசில்.

குடுவையை டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்து, ஆசை தீரப் பார்த்தாள். கொஞ்ச நேரம் கழித்துப் பக்கத்து மேசையிலிருந்து விசில் சத்தம் கிளம்பியது. சுருதி சேரவில்லை. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.