கொட்டிப்போன கறுப்புத் தண்ணீர்

ரோஸ்மென்னுக்கு நிற்கவே முடியவில்லை. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இரவு வேலை முடித்து வந்தவள், விடிந்ததிலிருந்து அடுப்படியிலேயே கிடந்தாள். பூண்டு, வெங்காயத்தாள், பார்ஸ்லித் தழை, காரமிளகாய் எல்லாவற்றையும் உரலில் இடித்தாள். கோழியைப் புளிப்பு ஆரஞ்சு தேய்த்து மூன்று தண்ணீரில் கழுவி, இடித்ததில் பிரட்டி ஊறவைத்து வறுத்தெடுத்தாள். இன்று மகள் கெட்லியைப் பெண் கேட்டு வருகிறார்கள். மாப்பிள்ளையின் அம்மா மதாம் ஓலிமா, கப் ஆய்சியன் ஊரிலேயே வாய்த்துடுக்குக்குப் பேர்போனவள். சாப்பாடு பிடித்தால்தான் பெண் கேட்கும் கடிதத்தை நீட்டுவாள். மூத்த மகனுக்குப் பார்த்த இடத்தில் கடிதத்தோடு எழுந்து போய்விட்டாள், மகராசி.

அந்த மகராசிக்குக் கருஞ்சோறு போடத்தான் கடைசிக் கோப்பை ஜோன்ஜோன் காளானை ரோஸ்மென் அலமாரியில் பொத்திவைத்திருந்தாள். இனி மலையில் மழை பெய்தால்தான் உண்டு. அதை வெந்நீரில் ஊறப்போட்டுவிட்டு, "ஒரு மணி நேரத்துல எழுப்புய்யா" என்று கணவன் டியசெல்லிடம் சொல்லிப் படுத்தாள்.

எழுந்து வந்தபோது சல்லடையில் காளான் வெளுத்துக் கிடந்தது. சட்டி காலி.

"தண்ணி எங்கய்யா?"

"ஒரே அழுக்கு, ரோஸ். கன்னங்கரேல்னு இருந்துச்சு. நாலு தடவை அலசிட்டேன். இப்ப பாரு, எவ்ளோ சுத்தம்!"

இருபது வருடமாகக் கருஞ்சோற்றைத் தட்டுத் தட்டாக விழுங்கியவன், அந்தக் கறுப்பு எங்கிருந்து வருகிறது என்று ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை.

"அந்தத் தண்ணியிலதான்யா சோறாக்கணும்! இந்தச் சக்கையை வச்சு என்ன பண்ண, உன் தலையில கொட்டவா?"

கத்தக்கூடத் தெம்பில்லை. அழுகைதான் வந்தது. அவர்கள் வர அரை மணிதான் இருந்தது. பட்டாணியும் கிராம்பும் போட்டு வெறும் வெள்ளைச் சோறு ஆக்கினாள்.

மதாம் ஓலிமா மடியில் ரிப்பன் கட்டிய கடிதத்தோடு தட்டைப் பார்த்தாள்.

"வெள்ளையால்ல இருக்கு! கருஞ்சோறு போடுற அளவுக்கு எங்களுக்கு மதிப்பில்லையோ?"

கெட்லியின் முகம் சுண்டிப்போயிற்று. ரோஸ்மென் கண்களைத் தேய்த்துக்கொண்டாள்.

டியசெல் தொண்டையைக் கனைத்தான். "தப்பு என்மேலதான், மதாம். காளான் தண்ணியை அழுக்குன்னு நினைச்சு நான்தான் கொட்டிட்டேன்."

"நீங்களா? அடுப்படியில உங்களுக்கென்ன வேலை?"

"ராத்திரியெல்லாம் வேலை பாத்துட்டு வந்தவ. கொஞ்சம் தூங்கட்டுமேன்னு..."

மதாம் ஓலிமா கரண்டியைக் கீழே வைத்தாள். ரோஸ்மென்னின் சிவந்த கண்களைப் பார்த்தாள்.

"எவ்ளோ நேரம் தூங்குனீங்க?"

"ஒரு மணி நேரம்."

"பகல்லயா?"

"ஆமா."

மதாம் ஓலிமா மடியிலிருந்த கடிதத்தின் ரிப்பனை நீவினாள்.

"எனக்குக் கல்யாணமாகி நாப்பது வருஷமாச்சு. பகல்ல ஒருநாளாவது என்னைப் படுக்க விட்டிருப்பாங்களா?" குரலில் அந்தத் துடுக்கு இல்லை. கடிதத்தை எடுத்து டியசெல்லின் தட்டருகே வைத்தாள்.

"இன்னும் கொஞ்சம் சோறு போடுங்க, சம்பந்தி."