மஞ்சள் என்று போட்ட வாரம்

என் தம்பி வானிலை அலுவலகத்தில் வேலை பார்க்கிறான். அதனால் எங்கள் நர்சரித் தெருவில் எனக்கு வானிலை அக்கா என்று பெயர். மழை பெய்தால் என்னைத் திட்டுவார்கள். பெய்யாவிட்டாலும் என்னைத்தான். என்னமோ நான்தான் மேலே உட்கார்ந்து குழாயைத் திறந்துவிடுகிற மாதிரி.

போன வாரம் அவன் ஆபீஸ் சிவப்பு எச்சரிக்கை விட்டது. இடி, சூறைக்காற்று என்று பயமுறுத்தியதில் பள்ளிக்கூடம், சந்தை எல்லாம் மூடினார்கள். அன்றைக்கு அடித்த வெயிலில் துணி இரண்டு தடவை காய்ந்திருக்கும். ஊரே சிரித்தது. பெரிய அதிகாரி எல்லாரையும் நிற்கவைத்துக் கிழித்துவிட்டாராம்.

இந்த வாரம் தம்பி போன் செய்தபோது குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"அக்கா, இந்த வாரத்துக்கு மஞ்சள்னு போட்டிருக்கோம். நீ அதைச் சிவப்புன்னே எடுத்துக்கோ. ஆலங்கட்டி விழும்போல இருக்கு. நாத்தையெல்லாம் உள்ள எடுத்து வச்சிடு."

"அப்ப சிவப்புன்னே போட வேண்டியதுதானேடா?"

"பெரியவர் விடமாட்டேங்கறார். மறுபடியும் பொய்யாப் போனா நம்மளை எவன் மதிப்பான்கறார். வெளிய மூச்சு விட்றாதக்கா, என் வேலை போயிடும்."

நல்ல ஆபீஸ், நல்ல பெரியவர். இவர்கள் மானத்துக்குப் பயந்து இடியைக்கூடக் குறைத்துச் சொல்வார்களாம். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு யாரையாவது நாலு கேள்வி கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. நாற்றை ஷெட்டுக்குள் எடுத்து வைக்கப் போனேன்.

குளிர் முடிந்து நடவு தொடங்கும் இந்த நாட்களில் விற்பதுதான் எங்களுக்கு வருஷச் சாப்பாடு. குழித்தட்டுகளில் விரல் நீளத்துக்கு நாற்று நிற்கும். அதன்மேல் ஆலங்கட்டி விழுந்தால் கூட்டி அள்ளிக் குப்பையில் போட வேண்டியதுதான்.

முதல் தட்டைத் தூக்கும்போதே தக்காளிக்காரி வேலியோரம் வந்து நின்றாள். பக்கத்து நர்சரி அவளுடையது. தக்காளி நாற்று மட்டும்தான் போடுவாள். தனியாகத் தொழில் தொடங்கி அவளுக்கு இதுதான் முதல் நடவுக்காலம். தலைக்குமேல் நிழல்வலை உண்டே தவிர, ஷெட் கிடையாது.

"என்னக்கா, எல்லாத்தையும் உள்ள கொண்டுபோறீங்க? தம்பி ஏதாவது சொன்னாரா?"

"மஞ்சள்தான் போட்டிருக்காங்க. நான் தட்டு வைக்கிற பெஞ்சுக்குப் பெயின்ட் அடிக்கணும்."

"அதுக்கு ஒத்தையா எதுக்குக் கஷ்டப்படறீங்க?" என்று சொல்லிக்கொண்டே வேலியைத் தாண்டி வந்தாள்.

பாதித் தட்டுகளை அவள்தான் சுமந்தாள். நான் வேண்டாம் என்றுகூடச் சொல்லவில்லை. தம்பியின் வேலைக்காகத்தான் வாயை மூடிக்கொண்டேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதிதான் உண்மை. சொல்லியிருந்தால் அவள் என் ஷெட்டில் இடம் கேட்டிருப்பாள். அவளுக்குக் கொடுத்தால் என் நாற்றில் பாதி வெளியே நிற்கும். அதையும் நான் கணக்குப் போட்டேன். சீ, என்ன பிழைப்பு.

மறுநாள் மதியம் வானம் கறுத்தது. கொஞ்ச நேரம்தான் ஆலங்கட்டி விழுந்தது. அதற்குள் என் ஷெட்டின் தகரம் காதைக் கிழித்துவிட்டது. வேலிக்கு அந்தப் பக்கம் அவள் ஒரு சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு தட்டுகளைப் பெஞ்சுக்கு அடியில் தள்ளிக்கொண்டிருந்தாள். நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பார்த்துக்கொண்டு உள்ளேயே நின்றேன்.

மழை விட்டதும் நான்கு தட்டுகளோடு என் ஷெட் வாசலுக்கு வந்தாள். முழங்கையில் ரத்தம் கசிந்தது. பிழைத்தது அவ்வளவுதான்.

"உள்ள இதுக்கு மட்டும் இடம் இருக்குமாக்கா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டாள்.

"தம்பியைத் திட்டாதீங்கக்கா. பாவம், அவர் என்ன வானத்துக்குள்ளயா போய்ப் பாத்தார்? மஞ்சள்னுதானே தெரிஞ்சிருக்கு."

செருப்பால் அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"அவனுக்குத் தெரியும்," என்றேன். "நேத்தே சொல்லிட்டான். எனக்கும் தெரியும். பெயின்டும் கிடையாது, ஒண்ணும் கிடையாது."

அவள் ஷெட்டுக்குள் பார்த்தாள். அவள் கையால் அடுக்கிய வரிசை ஒரு இலைகூடக் கிழியாமல் நின்றது. அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருந்திருக்கும். அவளோ தன் தட்டுகளைக் கீழே வைக்காமல் அப்படியே நின்றாள்.

அவள் தட்டுகளுக்கு இடம் வேண்டும். விறுவிறுவென்று என் தட்டுகளை எடுத்து வெளியே, ஈர மண்ணில் வைக்க ஆரம்பித்தேன். ஒன்று, இன்னொன்று. நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்க்கிற தைரியம் இல்லை.

"வெளிய வைக்காதீங்கக்கா," என்றாள் அவள். "சாயங்காலம் மறுபடியும் விழுமாம். இப்பத்தான் ரேடியோல கேட்டேன்."